கேட்பவரின் நாவிலுள்ள சொல்



சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், பிள்ளைகள் ஓதி முடித்துவிட்டுப் போன ரிஹால்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய பெண்ணொருத்தி தன் உம்மாவுடன் மதரஸா வாசலில் வந்து நின்றாள். கையில் நான்காக மடித்த ஒரு தாள்.

“ஹஜ்ரத், இந்தக் கடுதாசியைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லணும். பணம் கட்டச் சொல்லி மூணு தடவை போன் பண்ணிட்டாங்க” என்றாள்.

அவளுடைய வாப்பாவை ஸ்ரீவைகுண்டத்தில் அறியாதவர் குறைவு. உடன்குடிப் பக்கத்துப் பனையேறிக் குடும்பங்களிடம் கருப்பட்டி வாங்கி, ஓலைப் பெட்டிகளில் கட்டி, நெல்லைச் சீமையெங்கும் கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுத்தவர். முழங்கால் தேய்ந்து அவர் வீட்டோடு அமர்ந்த பிறகு, மகள் அந்த வாணிபத்தைக் கணினி வழியாக நடத்த முற்பட்டாள். துபாயிலிருக்கும் காக்கா ஓர் இணையதளம் அமைத்துக் கொடுத்தார். தளம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் ஆறு மாதத்தில் அதைத் திறந்து பார்த்தவர்கள் பெரும்பாலும் அவளுடைய சாச்சா மாமி பிள்ளைகளே!

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. ஏதோவொரு நகரத்து நிறுவனம் எழுதியது. பெயர் இங்கே வேண்டாம். கூகுள் தேடுபொறியில் உங்கள் கடையை 30 நாட்களுக்குள் முதல் பக்கத்துக்குக் கொண்டுவருவோம், இது உறுதி என்றது முதல் பத்தி. பத்துத் தேடுசொற்களைத் தேர்ந்து கொடுப்போம், பிற தளங்களிலிருந்து 500 இணைப்புகள் வாங்கித் தருவோம் என்றது இரண்டாம் பத்தி. கட்டணம் 45,000 ரூபாய், பாதி முன்பணம். உம்மாவின் வளையல் ஒரு சோடியை அடகு வைக்கப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

நான் வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன். கணினியோடு எனக்கிருந்த உறவு தேர்வுத்தாள் அச்சடிப்பதோடு நின்றிருந்தது. ஆயினும் அந்த உம்மா என் முகத்தைப் பார்த்த பார்வையில், “எனக்குத் தெரியாது” என்று சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. “ஒரு வாரம் பொறும்மா, விசாரித்துச் சொல்கிறேன். அதுவரை வளையல் கையிலேயே இருக்கட்டும்” என்றேன். ஒரு வாரம் என்றது ஒரு மாதமாயிற்று. நான் தெரிந்துகொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ள எண்ணுகிறேன். பிரியாணி மசாலா இடித்து விற்போர், புர்கா தைப்போர், அத்தர் விற்போர் என நம் வீடுகளிலிருந்தே வாணிபம் செய்யும் சகோதரிகள் இன்று எத்தனையோ பேர். இத்தகைய கடிதம் அவர்கள் வாசலுக்கும் வரும்.

முதலில், தேடுசொல் என்பது என்ன? இளைஞர்கள் இதைக் ‘கீவேர்டு’ என்பர். பொருள் வேண்டுபவர் தேடுபொறியின் கட்டத்தில் தட்டும் சொல்லோ சொற்றொடரோ அதுதான். எனக்கு இது எளிதில் விளங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. மதரஸாக்களில் ‘அல்முஃஜமுல் முஃபஹ்ரஸ்’ என்னும் நூலைப் பார்த்திருப்பீர்கள். திருக்குர்ஆனின் ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவு. எகிப்தைச் சேர்ந்த முஹம்மது ஃபுஆத் அப்துல் பாகீ தொகுத்தது. அதில் ‘கிதாப்’ என்ற சொல்லைத் தேடுகிறவர் காஃப், தா, பா என்னும் மூவெழுத்து வேரிடம் போக வேண்டும். வேரை அறியாதவருக்கு அந்நூல் பூட்டிய பெட்டிதான். ஓத வரும் புதுப் பிள்ளைகள் அதனோடு மல்லுக்கட்டுவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். நூலை ஆக்கியவர் ஒரு முறையில் அடுக்கினார். தேடுபவர் அந்த முறையைக் கற்றுக்கொண்டு வர வேண்டும். இணையத்திலோ நிலைமை தலைகீழ். அங்கே தேடுபவர் எதையும் கற்றுக்கொண்டு வரமாட்டார். தம் வாயில் வந்த சொல்லைத் தட்டுவார். அந்தச் சொல் எது என்று கண்டுகொள்வது விற்பவரின் வேலை.

அந்தப் பெண்ணின் தளத்தில் முகப்பிலேயே ‘பாரம்பரியத் தூய பனைப் படைப்புகள்’ என்று எழுதியிருந்தது. “ஏம்மா, உன் வாப்பாவிடம் யாராவது வந்து, ‘பாரம்பரியப் பனைப் படைப்பு அரைக் கிலோ கொடுங்கள்’ என்று கேட்டதுண்டா?” என்றேன். சிரித்துவிட்டாள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கச் சொன்னேன். இந்தப் பொருளுக்கு மனிதர் வழங்கும் பெயர்களை முதலில் எழுதினோம். நம் தென்பாண்டிச் சீமையில் கருப்பட்டி. பனங்கருப்பட்டி என்றும் சொல்வோம். வடக்கே போனால் பனைவெல்லம். யாழ்ப்பாணத்தார் பனங்கட்டி என்பர். மலையாளத்தார் கரிப்பட்டி என்பர். ஆங்கிலம் படித்த நகரத்துப் பிள்ளைகள் ‘பாம் ஜாகரி’ என்று தட்டுவர். மலேசியாவிலிருக்கும் நம்மவர்கள் ‘குலா மலாக்கா’ என்று தேடினால் வருவது தென்னஞ்சாற்று வெல்லம். ஆகவே அந்தச் சொல் நமக்கு உதவாது. பனங்கற்கண்டு வேறு பொருள். அதையும் இதையும் குழப்பிக்கொள்வோர் மிகுதி என்பதால் தனிப் பக்கத்தில் குறித்துக்கொண்டோம்.

இவ்வளவும் தமிழ் எழுத்தில். செல்பேசியில் தமிழைத் தமிழ் எழுத்தில் தட்டாமல் ஆங்கில எழுத்தில் தட்டுவோர் எத்தனை பேர் என்பதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கவனித்தாலே தெரியும். கருப்பட்டிக்கு ஒரு ‘பி’ போடுவோர் உண்டு, இரண்டு போடுவோர் உண்டு. ‘டி’ ஒன்றா இரண்டா என்பதும் அவரவர் விருப்பம். ஊர்ப்பெயரும் அப்படியே. தூத்துக்குடியை வெள்ளைக்காரர் டூட்டிகோரின் ஆக்கினார். இன்றும் அப்படித் தேடுவோர் இருக்கின்றனர். 2020ஆம் ஆண்டு தமிழக அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றி ஆணை வெளியிட்டது நினைவிருக்கலாம். தூத்துக்குடியும் அதில் ஒன்று. ஜூன் மாதத்தில் அந்த ஆணை பேசப்பட்டது, ஏசப்பட்டது. அதே மாதத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. அரசாங்கமே நிலைநிறுத்த முடியாத எழுத்துக்கூட்டலைத் தேடுபவரிடம் எப்படி எதிர்பார்ப்பது?

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். கேட்பவர் ஒற்றை விட்டுத் தட்டுகிறார் என்பதற்காக நாமும் ‘கருப்பட்டி காபி’ என்று ஒற்றை விட்டு எழுத வேண்டியதில்லை. நாம் ‘கருப்பட்டிக் காப்பி’ என்று பிழையின்றி எழுதுவோம். எழுத்துக்கூட்டல் வேறுபாட்டைத் தேடுபொறி பெரும்பாலும் தானே ஒப்பிட்டுக்கொள்கிறது. வேறு சொல்லாக இருந்தால்தான், அதாவது பனைவெல்லம், பனங்கட்டி போன்றவற்றை, நம் பக்கத்தில் ஓரிடத்திலாவது இயல்பாகச் சொல்லி வைக்க வேண்டும்.

சொல் கிடைத்துவிட்டது. அதைத் தட்டுகிறவரின் உள்ளக் கிடக்கை என்ன? இதை விளக்க நம்மூரையே எடுத்துக்கொள்கிறேன். ‘ஸ்ரீவைகுண்டம்’ என்று தேடுபவர் சாதாரண நாட்களில் நவதிருப்பதிக் கோயிலுக்கு வழி கேட்பவராக இருப்பார். ஆதிச்சநல்லூர் பார்க்க வரும் வரலாற்று மாணவராக இருப்பார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருமழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டபோது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவு ரயில் நம்மூர் நிலையத்தில் நின்றுபோனது. நூற்றுக்கணக்கான பயணிகள் நாட்கணக்கில் தவித்தனர். அந்த நாட்களில் இதே பெயரைத் தேடியவருக்குக் கோயிலும் வேண்டாம், தாழியும் வேண்டாம். ரயிலில் இருக்கும் தம் மக்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே கேள்வி. துபாயிலும் ரியாத்திலும் இருந்த நம் பிள்ளைகள் செல்பேசித் தொடர்பு அற்றுப்போன ஊரைப் பற்றி அப்படித்தான் தேடிக்கொண்டிருந்தனர். சொல் ஒன்றே, கேள்வி வேறு.

எங்கள் நோட்டிலும் இது நேர்ந்தது. அவள் ‘சில்லுக் கருப்பட்டி’ என்று எழுதியிருந்தாள். சுக்கு முதலியன சேர்த்த சிறு துண்டுக் கருப்பட்டி, நம் பக்கத்தில் பெயர் பெற்றது. தேடிப் பார்த்தால் வரிசை வரிசையாக வந்தது திரைப்படம்! ஹலிதா ஷமீம் இயக்கி 2019 டிசம்பரில் வெளியான படத்தின் பெயர் அது. படத்தைத் தேடி வருகிறவரிடம் பெட்டி கட்டி விற்க முடியுமா? அந்தச் சொல்லை அடித்துவிட்டோம்.

இனி, எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகின்றனர் என்று அறிய வழியுண்டா என்றால், உண்டு. விளம்பரம் கொடுப்போருக்காகக் கூகுள் வைத்திருக்கும் ‘கீவேர்ட் பிளானர்’ என்னும் கருவி கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆனால் விளம்பரத்துக்குப் பணம் செலவிடாதவருக்கு அது துல்லியமான எண்ணைத் தராது. மாதம் நூறிலிருந்து ஆயிரம் வரை என்பதுபோல அகலமான ஒரு கணக்கைத் தரும். நூறுக்கும் ஆயிரத்துக்கும் இடையே ஒரு குடும்பத்தின் பிழைப்பே அடங்கியிருக்கிறது! இருந்தாலும் ‘இதைவிட அது பெரிது’ என்று ஒப்பிட அது போதும். ‘கூகுள் டிரெண்ட்ஸ்’ என்னும் இன்னொன்று 2006 முதல் இருக்கிறது. அது எண்ணிக்கையைச் சொல்லாது. உச்சத்தை 100 என வைத்து ஏற்ற இறக்கத்தைக் காட்டும். எந்த மாதத்தில் தேட்டம் கூடுகிறது என்று அதில் பார்க்கலாம். நோன்புக் கஞ்சி மசாலா போன்றவற்றை விற்கும் சகோதரிகள் இங்கே விழிப்பாயிருக்க வேண்டும். ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகர்கிறது. 2024இல் நம் நாட்டில் நோன்பு மார்ச் 12இல் தொடங்கிற்று, 2025இல் மார்ச் 2இல். சென்ற ஆண்டின் மார்ச்சுக் கணக்கைப் பார்த்து இந்த ஆண்டு மார்ச்சில் பக்கம் எழுதப் புகுந்தால், பெருநாள் முடிந்து கஞ்சிக் கலயம் கவிழ்த்த பிறகுதான் அது முன்னுக்கு வரும்.

இவற்றைவிட எளிய கருவி ஒன்று உண்டு. தேடு கட்டத்தில் ‘கருப்பட்டி’ என்று தட்டி நிறுத்துங்கள். கீழே வரிசையாகச் சில தொடர்கள் விரியும். அவை பிறர் முன்பு தேடியவற்றிலிருந்து எடுக்கப்பட்டவை. முடிவுகளுக்கு நடுவே ‘மக்கள் கேட்கும் கேள்விகள்’ என்று ஒரு பெட்டியும் வரும். அவளும் அவள் உம்மாவும் இரண்டு மாலைப் பொழுதுகள் உட்கார்ந்து அவற்றையெல்லாம் எழுதினர். பிறகு நான், “வாப்பாவைக் கேள்” என்றேன். நாற்பதாண்டு கருப்பட்டி விற்றவரிடம் மக்கள் எதையெல்லாம் கேட்டிருப்பார்கள்! அவர் சாய்வு நாற்காலியிலிருந்தபடி சொல்லச் சொல்ல நோட்டு நிறைந்தது. சீனி கலந்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? மழைக்காலத்தில் இளகிப் போகிறதே, என்ன செய்வது? மேலே வெள்ளையாகப் பூத்தால் தின்னலாமா? கருப்பட்டி போட்டால் பால் ஏன் திரிகிறது?

கருவியைத் திறந்து இவற்றுள் சிலவற்றை இட்டபோது ‘தரவு இல்லை’ என்றது. அவள் சோர்ந்து போனாள். ஆனால் கூகுளே சொல்லும் கணக்கு ஒன்று உண்டு: ஒவ்வொரு நாளும் அதனிடம் வரும் தேடல்களில் சுமார் 15 விழுக்காடு அதற்கு முன் ஒருபோதும் வந்திராதவை. கருவியின் ஏட்டில் இல்லாததால் கேட்போர் இல்லை என்றாகாது. வாப்பாவிடம் நாற்பதாண்டுகள் கேட்டவர்கள் எங்கே போய்விட்டார்கள்?

நிறுவனத்தின் கடிதத்துக்கு வருவோம். அவர்கள் குறித்த பத்துச் சொற்களில் முதலாவது ‘பாம் ஜாகரி’. அதைத் தேடிப் பார்த்தோம். முதல் பக்கம் முழுவதும் பெரும் இணைய அங்காடிகள். கோடிக்கணக்கில் முதலிட்டோர். அவர்கள் நடுவே ஸ்ரீவைகுண்டத்துச் சிறு கடைக்கு இடம் பிடிப்பது, பெருநாள் கூட்டத்தில் பிந்தி வந்து முதல் ஸஃப்பில் நிற்க முயல்வது போலத்தான். தேடுவோர் மிகுந்த சொல் என்பதனாலேயே அது நல்ல சொல்லாகிவிடாது. நம்மால் எட்டக்கூடியதா, வந்தவர் வாங்க வந்தவரா, அவருக்கு நாம் தரும் விடை மற்றவர் தருவதைவிட மேலானதா என்ற மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

‘உறுதி’ என்ற சொல்லைப் பற்றி நான் நெடுநேரம் எழுதத் தேவையில்லை. முதலிடத்தை எவராலும் உறுதி கூற முடியாது, அப்படிக் கூறுவோரிடம் எச்சரிக்கையாயிருங்கள் என்று கூகுள் தன் வழிகாட்டிப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது. முயற்சியின் பயன் தெரிய நான்கு மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும் என்று அந்நிறுவனத்தைச் சேர்ந்தவர் 2017இல் விளக்கமும் தந்தார். 30 நாள் எங்கிருந்து வந்தது?

500 இணைப்புகள் என்றதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். இதன் வரலாறு சுவையானது. 1995 இறுதியில் ஆல்டாவிஸ்டா போன்ற தேடுபொறிகள் வந்த காலத்தில், ஒரு பக்கத்தில் சொல் எத்தனை முறை வருகிறது என்பதற்குப் பெரும் மதிப்பு இருந்தது. உடனே மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வெள்ளைப் பின்புலத்தில் வெள்ளை எழுத்தால் ஒரே சொல்லை நூறு முறை எழுதி ஒளித்து வைத்தார்கள். மனிதக் கண்ணுக்குத் தெரியாது, பொறிக்குத் தெரியும். 1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களாயிருந்த லாரி பேஜ், செர்கேய் பிரின் இருவரும் வேறொரு வழியைக் கொண்டுவந்தனர். ஆய்வுக் கட்டுரையொன்றைப் பிற ஆய்வாளர் எத்தனை பேர் மேற்கோள் காட்டுகின்றனர் என்பதைக்கொண்டு அதன் தகுதியை அறிவதுபோல, ஒரு பக்கத்தைப் பிற தளங்கள் எத்தனை சுட்டுகின்றன, சுட்டுபவை தகுதியுடையவையா என்று கணக்கிட்டனர். ஹதீஸ் கலை ஓதியவர்களுக்கு இது புதிதன்று. செய்தியை அறிவித்தவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், அவர்தம் நாணயம் எத்தகையது என்று ஸனதை ஆராய்வது நம் முன்னோர் கண்ட நெறி. நூறு பொய்யர் சேர்ந்து அறிவித்தாலும் அது ஒரு நேர்மையாளரின் அறிவிப்புக்கு ஈடாகாது.

இணைப்புக்கு மதிப்பு உண்டென்று தெரிந்ததும் இணைப்பை விற்கத் தொடங்கினர். அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்று நூற்றாண்டு கடந்த பேரங்காடி. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் இதழ் அதன் கதையை வெளியிட்டது. ஆடைகள், படுக்கை விரிப்புகள், தரைவிரிப்புகள் என எதைத் தேடினாலும் பண்டிகைக் காலத்தில் அந்த அங்காடியே முதலிடத்தில் வந்திருக்கிறது. பார்த்தால், தொடர்பே இல்லாத ஆயிரக்கணக்கான தளங்களில் அதற்கு இணைப்புகள் செருகப்பட்டிருந்தன. கூகுள் கைவைத்ததும் முதலிடங்களிலிருந்து ஐம்பது, எழுபது என்று இறங்கிப்போயிற்று. தனக்குத் தெரியாமல் நடந்தது என்று அங்காடி சொல்லிற்று. பணி ஒப்படைத்திருந்த நிறுவனத்தை விலக்கிற்று. அதற்கு முன்பே, 2006 பிப்ரவரியில், ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ கார் நிறுவனத் தளத்தையே தேடல் முடிவுகளிலிருந்து நீக்கினர். பொறிக்குக் காட்ட ஒரு பக்கம், மனிதருக்குக் காட்ட வேறு பக்கம் என்று ‘பழைய கார்’ என்ற சொல்லை அடுக்கி வைத்திருந்ததே குற்றம். அவ்வளவு பெரிய நிறுவனம் சில நாட்களில் திருத்திக்கொண்டு மீண்டும் உள்ளே வந்துவிட்டது. நம் கருப்பட்டிக் கடை விழுந்தால் தூக்கிவிட யார் இருக்கிறார்?

கடிதத்தில் ‘மெட்டா கீவேர்டு’ என்று மறைவாய்ச் சொற்களை நிரப்புவதற்கு ஒரு தனிக் கட்டணமும் இருந்தது. வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதே இல்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. செத்த மாட்டுக்குப் புல் விலை!

வளையல் கையிலேயே தங்கிற்று. ஆனால் வேலை இனிமேல்தான் தொடங்கிற்று.

நோட்டிலிருந்த கேள்விகளில் எதற்கு முதலில் பக்கம் எழுதுவது என்று நாங்கள் பேசியபோது, வாசகர்களே, ஒரு சிக்கல் எழுந்தது. கருவி பெரிய எண்ணைக் காட்டியது எதற்குத் தெரியுமா? ‘சர்க்கரை நோயாளிகள் கருப்பட்டி சாப்பிடலாமா’ என்னும் கேள்விக்கு. முன்னணியில் இருந்த பக்கங்கள் சிலவற்றைத் திறந்து பார்த்தோம். தாராளமாகச் சாப்பிடலாம், சர்க்கரை குறையும் என்றுகூட எழுதியிருந்தனர். “ஹஜ்ரத், நாமும் இப்படி எழுதினா ஆள் வரும். இதை நம்பித்தான் நிறைய பேர் வாங்குறாங்க” என்றாள். அவள் சொன்னது உண்மை. அதுதான் என்னை வருத்திற்று. கருப்பட்டியில் தாதுக்கள் சில உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சுக்ரோஸ் என்னும் அதே இனிப்புத்தான். வெள்ளைச் சீனியைப் போலவே அதுவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். உள்ளே இருந்து வாப்பாவின் குரல் வந்தது: “எனக்கே சுகர் இருக்கு. டாக்டர் அம்மா கருப்பட்டியைத் தொடாதேன்னு சொல்லி எட்டு வருசமாச்சு. அதை எழுது.”

அப்படியே எழுதினாள். நாற்பதாண்டு கருப்பட்டி விற்ற என் வாப்பா சர்க்கரை நோய் வந்தபின் அதைச் சாப்பிடுவதில்லை. மருத்துவரைக் கேளாமல் நீங்களும் சாப்பிட வேண்டாம் என்று தொடங்கும் பக்கம். அதைப் படித்துவிட்டு வாங்காமல் போனவர் எத்தனை பேரோ. அந்தப் பக்கம் முன்னுக்கு வரவுமில்லை. இதை எழுதும் நாள் வரை பின்னாலேதான் கிடக்கிறது. எடுத்துவிடலாமா என்று அவள் ஒருமுறை கேட்டாள். இருக்கட்டும் என்றேன்.

மற்றக் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பக்கம் எழுதத் திட்டமிட்டோம். ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். தலைப்பில் கேட்பவரின் சொற்களே இருக்க வேண்டும். விடையை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். “ஆதிகாலந்தொட்டு மனிதன் இனிப்பை விரும்பினான்” என்று இழுக்கக் கூடாது. பிற தளத்துப் படங்களை எடுத்து ஒட்டாமல் தம் படங்களையே இட வேண்டும்.

முதலில் எழுதியது பால் திரிவது பற்றி. இது அவள் உம்மாவின் துறை. கருப்பட்டியிலுள்ள புளிப்புத் தன்மையும் கொதிக்கும் பாலின் சூடும் சேர்ந்தால் பால் திரியும். ஆகவே கருப்பட்டியைத் தனியே நீரில் கரைத்துக் கொதிக்கவிட்டு, வடிகட்டி, சற்று ஆறவிட்டு, அடுப்பிலிருந்து இறக்கிய பாலில் சேர்க்க வேண்டும். உம்மா செய்து காட்ட, மகள் படம் எடுத்தாள். அடுப்பங்கரைச் சுவரின் கரிகூட அந்தப் படத்தில் தெரிகிறது. அழித்துவிடவா என்று கேட்டாள். கரி இல்லாத அடுப்பங்கரையில் கருப்பட்டிக் காப்பி ஏது?

சீனிக் கலப்பைப் பற்றிய பக்கத்துக்கு அவள் உடன்குடிப் பக்கம் நேரில் போய் வந்தாள். விடியலுக்கு முன்பே பனையேறி மரமேறுவது, கள்ளாகாமலிருக்கச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறங்குவது, அதைப் பெருவட்டையில் காய்ச்சிப் பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுவது எல்லாம் படத்தோடு எழுதினாள். பதநீர் இறங்கும் காலம் ஆண்டில் சில மாதங்களே என்பதையும், எஞ்சிய மாதங்களில் தாம் விற்பது சேமித்து வைத்த சரக்கு என்பதையும் மறைக்காமல் சொன்னாள். நீரில் போட்டுப் பார், நெருப்பில் காட்டிப் பார் என்று ஊரில் உலவும் சோதனைகளில் வாப்பா நம்பாதவற்றை, நம்பவில்லை என்றே எழுதினாள்.

பேரூர்ச் சொற்களோடு போட்டியிடுவதைவிட ஊரோடு சேர்ந்த சொல்லில் நிற்பது எளிது. ‘ஸ்ரீவைகுண்டத்தில் கருப்பட்டி’ என்று தேடுபவர் சிலரே. ஆனால் அவர் பையோடு புறப்பட்டவர். கூகுள் வரைபடத்தில் கடையின் பெயர், முகவரி, திறக்கும் நேரம் ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பதிந்துகொள்ளலாம். பதிந்தாள். வாங்கிப் போனவர்களிடம், உள்ளதை எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டாள். சொந்தக்காரர்களைக் கொண்டு ஐந்து நட்சத்திரம் போட வைக்கலாம் என்று துபாய்க் காக்கா சொன்ன யோசனையை அவளே தள்ளிவிட்டாள். இணைப்பும் அப்படித்தான்: அவளிடம் வாங்கும் பலகாரக் கடைக்காரர் ஒருவர் தம் தளத்தில், எங்கள் கருப்பட்டி இன்னாரிடம் வாங்கியது என்று ஒரு வரி சேர்த்தார். 500 வேண்டாம், அந்த ஒன்று மெய்யானது.

2024 முதல் தேடுபொறியே முடிவுகளின் தலைமாட்டில் செயற்கை அறிவைக்கொண்டு விடை எழுதித் தருகிறது. இந்தியாவிலும் அவ்வாண்டு ஆகஸ்டில் வந்துவிட்டது. இனி யார் நம் பக்கத்தைத் திறப்பார் என்று அவள் கவலைப்பட்டாள். நியாயமான கவலைதான். மேலோட்டமான விடை வேண்டுவோர் அங்கேயே நின்றுவிடுவர். கருப்பட்டியோ, விடையைப் படித்தால் வாயில் இனிப்பதில்லை; யாரிடமாவது வாங்கித்தான் ஆக வேண்டும்.

நான்கு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் மாதத்தில், பால் திரியும் பக்கம் மெல்ல மேலே வந்தது. கோவையிலிருந்தும் கொழும்பிலிருந்தும் பெண்கள் எழுதினர். அவர்களில் சிலர் கருப்பட்டியும் கேட்டனர். பெரிய வருமானம் என்று சொல்ல மாட்டேன். வாப்பாவின் மருந்துச் செலவுக்கு ஆகிறது என்று அவள் உம்மா சொன்னார்.

தளத்துக்கு வந்தவர் எந்தச் சொல்லைத் தட்டி வந்தார் என்பதைக் காட்டும் ‘சர்ச் கன்சோல்’ என்னும் ஏடு ஒன்றையும் கூகுள் தருகிறது. வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்தபின் வாப்பாவும் மகளும் அதைத் திறந்து உட்கார்ந்துவிடுகின்றனர். ஐப்பசி மழை பிடித்த வாரத்தில் ‘கருப்பட்டி இளகி விட்டது என்ன செய்வது’ என்ற தேடல் அதில் வந்திருந்தது. பரணில், அடுப்புப் புகை படும் இடத்தில், ஓலைப் பெட்டியில் வைக்க வேண்டும் என்கிறார் வாப்பா. இந்தக் காலத்து வீட்டில் பரண் ஏது, புகை ஏது, காற்றுப் புகாத புட்டியில் போடச் சொல்வோம் என்கிறாள் மகள். நான் போன வெள்ளிக்கிழமை அவ்வீட்டுக்குச் சென்றபோது இரண்டு வகையிலும் ஒவ்வொரு கருப்பட்டியை வைத்து, எது முதலில் இளகுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கம் இன்னும் எழுதப்படவில்லை.